நாணயமும் அளவு நாடாவும்

வீடு கட்டுவதென்று ஒரு குடும்பம் தீர்மானித்துவிட்டால், வங்கிக் கடனுக்கும் வாஸ்து பூஜைக்கும் முன்னால் அவர்கள் உற்றார் உறவினரிடம் கேட்கும் முதல் கேள்வி, "நம்பகமான ஆள் யாராவது இருக்கிறாரா?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை தேடுகிற முறையைச் சற்று நிதானமாகக் கவனித்தால் விசித்திரமாக இருக்கும். மாமனார் ஊர்க்காரர், நம்மவர், வருஷந்தவறாமல் மாலை போட்டு மலைக்குப் போகிறவர், வெற்றிலை பாக்குக்கூடப் போடாதவர், பேச்சில் மரியாதையுள்ளவர் என்று குணவிசேஷங்களாகவே சேகரித்து, அவற்றின்மேல் நம் ஆயுட்காலச் சேமிப்பையும் இனிவரும் 20 வருஷத்து மாதத் தவணையையும் துணிந்து ஏற்றி வைத்துவிடுகிறோம். "உங்க வீடுன்னு நினைக்கல சார், நம்ம வீடுன்னு நினைச்சுத்தான் கட்டறேன்" என்று அவர் சொல்லும்போது நமக்குக் கண்கூடக் கலங்கிவிடுகிறது. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்பது அந்த நேரத்தில் அநாகரிகமாகத் தோன்றுகிறது.

1858-ஆம் ஆண்டு சென்னை ராஜதானியில் ஏற்பட்ட பொதுப்பணித் துறை, அன்று முதல் இன்றுவரை ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டுவித்து வருகிறது. ஒப்பந்தக்காரருடைய பக்தியைப் பற்றியோ சுபாவத்தைப் பற்றியோ அதன் ஒப்பந்தப் படிவங்கள் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. வேலைக்கு முன் வைப்புத்தொகை வாங்குவது, நடந்த வேலையை நாடா பிடித்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவது, எழுதிய அளவுக்கு மட்டுமே பட்டியல் போட்டுப் பணம் கொடுப்பது, அந்தப் பணத்திலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு குறைபாடுகள் வெளிப்படக்கூடிய காலம் கழிந்த பிறகே அதை விடுவிப்பது என்பதே அதன் சம்பிரதாயம். அப்படியிருந்தும் அரசாங்கக் கட்டடங்கள் ஒழுகுவானேன் என்று வாசகர் கேட்கலாம். முறையில் பிசகில்லை, அளக்கிறவரும் அளக்கப்படுகிறவரும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும்போது அளவுப் புத்தகம் கதைப் புத்தகமாகிவிடுகிறது, அவ்வளவுதான். தன் வீட்டைத் தானே அளந்து தன் பணத்தைத் தானே கொடுக்கும் கிரகஸ்தருக்கு அப்படிப்பட்ட கூட்டினால் ஒரு லாபமும் கிடையாது. ஆகையால் அரசாங்கத்துக்குக் கைகூடாத அந்தச் சம்பிரதாயம் அவருக்கு நன்றாகவே கைகூடும். கட்டடக்காரரின் நாணயத்தை முகத்தில் தேடுவதை விட்டுவிட்டுப் பணம் கைமாறும் வரிசையில் தேட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் இந்தச் சதுர அடி வியவகாரத்தை எடுத்துக்கொள்வோம். "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்று கேட்கிறோம், அவரும் ஒரு தொகையைச் சொல்கிறார், பேரம் பேசி 50 ரூபாய் குறைத்துவிட்ட திருப்தியோடு வீடு திரும்புகிறோம். எந்தச் சதுர அடி என்பதை மட்டும் இரு தரப்பாரும் பேசிக்கொள்வதில்லை. கார் நிறுத்தும் போர்ட்டிகோவுக்கு முழு அளவா பாதி அளவா, மாடிப்படியின் மேல் எழும் அறை கணக்கில் சேர்ந்ததா, பரண்கள் உண்டா, தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டியும் மலக்குழித் தொட்டியும் யார் பொறுப்பு, சுற்றுச்சுவர், மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர், மாடித் தளத்தின்மேல் பதிக்கும் தட்டோடு, மேல்நிலைத் தொட்டி, கட்டுமான காலத்து மின்சாரக் கட்டணம் இவையெல்லாம் எந்தக் கணக்கில் வருகின்றன என்று எழுதிக்கொள்ளாவிட்டால், கூரை எழும்பிய பிறகு ஒவ்வொன்றுக்கும் "அது ரேட்ல வராது சார், எக்ஸ்ட்ரா" என்ற பதில்தான் கிடைக்கும். அதைச் சொல்கிறவர் பொய் சொல்வதாகவும் கருத முடியாது. எழுதப்படாத ஒப்பந்தத்தில் இரு தரப்பாருடைய ஞாபகமும் சமமான அந்தஸ்துள்ளவை.

ஐந்து பேரிடம் விலை கேட்டு ஐவரில் குறைவாகச் சொன்னவரிடம் வேலையைக் கொடுக்கிறவர்கள், அந்தக் குறைவு எங்கிருந்து வரப்போகிறது என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1,000 சதுர அடி வீட்டில் சதுர அடிக்கு 100 ரூபாய் குறைந்தால் ஒரு லட்சம் ரூபாய். சிமெண்டு வியாபாரி அவருக்கென்று விலையைக் குறைக்கமாட்டார்; கொத்தனாரும் கூலியைக் குறைத்துக்கொள்ளமாட்டார். அத்தகைய வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமெண்டும் 4 டன் கம்பியும் தேவைப்படும் என்பது தொழிலில் வழங்கும் உத்தேசக் கணக்கு. ஆகவே அந்த ஒரு லட்சம் பெரும்பாலும் இவ்விரண்டிலிருந்துதான் கழிக்கப்படும்.

கம்பியில் நடக்கும் சாமர்த்தியம் கண்ணுக்குத் தெரியாதது. பன்னிரண்டு மில்லிமீட்டர்க் கம்பி என்று பெயர் சொல்லி இறக்குவார்கள், எண்ணிக்கையும் சரியாக இருக்கும், எடைதான் இராது. விட்டத்தை மில்லிமீட்டரில் வைத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர்க் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும் என்பது கம்பி கட்டுகிறவர் எல்லாருக்கும் தெரிந்த வாய்பாடு. அதன்படி 12 மீட்டர் நீளமுள்ள ஒரு பன்னிரண்டு எம்.எம். கம்பி ஏறக்குறைய 10.67 கிலோ இருக்க வேண்டும். தர நிர்ணயம் இந்த அளவுக்கு அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வு 5 சதவீதம். பத்துக் கிலோவுக்கும் கீழே முள் நிற்குமானால் அந்தக் கட்டை அப்படியே லாரியில் திருப்பி ஏற்றச் சொல்லலாம். இதற்கு என்ஜினீயர் பட்டம் வேண்டியதில்லை. பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் இருக்கும் தராசு போதும்.

இனி மோசத்தின் மூலஸ்தானமாகிய தவணைக்கு வருவோம். கடைக்காலுக்கு இவ்வளவு, பேஸ்மட்டத்துக்கு இவ்வளவு, லிண்டலுக்கு இவ்வளவு, ரூஃப் கான்கிரீட்டுக்கு இவ்வளவு என்று கட்டடக்காரர் எழுதித் தரும் அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால், கூரை போடுகிற தினத்தில் நூற்றுக்கு 85 அல்லது 90 பங்கு பணம் அவர் கைக்குப் போயிருக்கும். பூச்சு, வயரிங், குழாய், தரை, கதவு ஜன்னல், பெயிண்ட் என்று மிஞ்சியிருக்கும் வேலையோ மொத்தச் செலவில் கிட்டத்தட்டப் பாதியை விழுங்கக்கூடியது. அதற்குப் பிறகு ஆட்கள் வரவு குறைகிறது; வாரத்துக்கு ஒருநாள் ஒரு சித்தாள் மட்டும் வந்து செங்கல்லை இடம் மாற்றி அடுக்கிவிட்டுப் போகிறாள்; கைப்பேசி அணைத்து வைக்கப்படுகிறது. இவ்வாறு மறைகிறவர் எல்லாரும் பிறவிக் கள்வர் என்று நான் சொல்லமாட்டேன். முந்திய வீட்டின் பூச்சுவேலையை உங்கள் முன்பணத்தில் முடித்தவர், உங்கள் பூச்சுவேலையை அடுத்த வீட்டுக்காரரின் முன்பணத்தில் முடிக்க உத்தேசித்திருந்தார். அடுத்த வீட்டுக்காரர் இன்னும் அகப்படவில்லை. நல்ல தொழிலாளிகள் பலர் இந்தச் சுழலில் அகப்பட்டே அயோக்கியர் என்று பெயரெடுத்திருக்கிறார்கள். முடிந்த வேலைக்கு மட்டும், முடிந்த பிறகு மட்டும், வங்கி வழியாக மட்டும் பணம் என்ற கட்டுப்பாடு உங்களைக் காப்பதோடு அவரையும் அந்தச் சுழலிலிருந்து காக்கிறது.

அவர் ஏற்கெனவே அதில் இருக்கிறாரா என்று அறியவும் ஒரு வழி உண்டு. அது அவர் அழைத்துக்கொண்டு போய்க் காட்டும் புதுமனைகளைப் பார்ப்பதன்று. கிரகப்பிரவேசத்தன்று எல்லா வீடும் லட்சணமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் கண்ட வீட்டின் குளியலறை வெளிச்சுவரைப் பார்த்தால்தான் ஓதம் ஏறியிருப்பது தெரியும். அதைவிடச் சிறந்த பரீட்சை ஒன்றிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை, அவர் கட்டிக்கொண்டிருக்கும் வேறொரு வீட்டின் எதிரேயுள்ள டீக்கடையில் உட்கார்ந்திருங்கள். வேலை முடிந்து, கரண்டியையும் மணியாசுக் கட்டையையும் கழுவி வைத்துவிட்டு, கொத்தனார்களும் சித்தாள்களும் மணற்குவியலண்டை வாரக்கூலிக்குக் காத்திருப்பார்கள். அவர் வந்து, கணக்கை வாசித்து, எண்ணிக் கொடுத்து, ஆட்கள் ஆறு மணிக்குள் பஸ் ஏறிவிட்டார்களானால் அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது. இருட்டும்வரை அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்து, ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்துகொண்டிருந்தால் முழுவதுமே தெரிந்துவிட்டது. மறுநாள் அவர் வழக்கமாகக் கம்பியும் சிமெண்டும் வாங்கும் கடையில் பழைய பாக்கி எவ்வளவு என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தால், குல கோத்திர விசாரணை எதுவும் தராத தகவல் கிடைக்கும்.

கூரைக் கான்கிரீட் தினத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அன்று வீட்டுக்காரர் பெரும்பாலும் உபசாரத்தில் மூழ்கியிருக்கிறார். காலையில் பூஜை, பத்து மணிக்கு டீ, வடை, மத்தியானத்துக்குப் பிரியாணி, மேஸ்திரிக்கு வேட்டி துண்டு என்று அவர் அலைந்துகொண்டிருக்கையில், கலவை இயந்திரத்தின் வாயில் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பதை அவர் பார்ப்பதில்லை. தண்ணீர் மிகுந்தால் கலவை தானாக ஓடிப் பரவும், ஆட்களுக்குச் சிரமம் குறையும், கான்கிரீட்டின் பலமும் அதே அளவில் குறையும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, நாம் வழக்கமாகப் போடும் எம்-20 கலவைக்கு 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. மணலில் ஈரமிருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். அதே விதி, நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டு பிரிக்கக்கூடாது என்றும், உலர்ந்த வெயிற்காலத்தில் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும் என்றும் விதிக்கிறது. சென்ட்ரிங் பலகைக்கு நாள்வாடகை கொடுக்கிறவருக்கு முட்டைச் சீக்கிரம் பிரிப்பதில் எவ்வளவு ஆதாயம் உண்டென்று நான் விவரிக்க வேண்டியதில்லை. பிரியாணிப் பொறுப்பை வீட்டில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்காரர் அன்று முழுவதும் அந்த வாளியருகே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவது உசிதம்.

சில்லறைத் தொழிலாளர் விஷயத்தில் பேராபத்தில்லை, அரிப்புத்தான் உண்டு. இந்தக் கடையில்தான் குழாய் வாங்க வேண்டும் என்று பிளம்பர் பிடிவாதம் பிடித்தால் அங்கே அவருக்குக் கமிஷன் இருக்கிறது. பெயிண்ட் டின்னுக்குள் கம்பெனிக்காரர் வைத்திருக்கும் டோக்கன் பெயிண்டருக்குப் போகிறது. டின் கூடினால் டோக்கன் கூடும். இது ஊரறிந்த வழக்கம். முன்கூட்டியே சுவரை அளந்து, எத்தனை லிட்டர் என்று பேசிவிட்டால் பிறகு மனஸ்தாபத்துக்கு இடமில்லை.

வீட்டுக்காரர்களும் தர்மாத்மாக்கள் அல்லர். லிண்டல் மட்டம் வந்த பிறகு மைத்துனர் பேச்சைக் கேட்டுப் பூஜையறையை இடம் மாற்றச் சொல்வதும், இடித்துக் கட்டிய செலவைக் கேட்டால் "இதுக்கெல்லாமா காசு?" என்று ஆச்சரியப்படுவதும், கடைசித் தவணையை ஏதோ ஒரு டைல்ஸ் கீறலைக் காட்டி மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் நாம் அறிந்தவையே. யோக்கியமான கட்டடக்காரர் முன்பணம் அதிகம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாறுதல் எதுவானாலும் தொகை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே செங்கல்லைத் தொடுவது என்ற நியமம் இருவரையும் கட்டுப்படுத்த வேண்டும்.

அரசாங்கத்தின் பங்கைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். இரண்டு வருஷத்துக்குப் பின் 2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மத்தியில் பிறந்தது. அதன்படி அடுக்குமாடி வீடு வாங்குகிறவரிடம் விற்பனை ஒப்பந்தம் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வீட்டை ஒப்படைத்த பின் 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். ஆனால் சொந்த மனையில் ஒரு மேஸ்திரியை வைத்து வீடு கட்டுகிற எளிய மனிதரை அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. அவருக்கு மிஞ்சியிருப்பது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று 1993-லேயே நுகர்வோர் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது நிலைத்திருக்கிறது. குறை நேர்ந்த 2 வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்யலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கும் வாய்ச்சொல்லான ஒப்பந்தத்துக்கும் அங்கே என்ன மதிப்பிருக்கும்?

2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிவரையுள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டுவோர் சுயசான்றின் பேரில் உடனடியாக அனுமதி பெறலாம். லஞ்சத்துக்கும் அலைச்சலுக்கும் அது ஒரு முற்றுப்புள்ளி என்பதால் நான் அதை வரவேற்கிறேன். எனினும் அதிகாரி வந்து பார்க்கும் சம்பிரதாயமும் அதோடு போய்விட்டபடியால், அந்த அனுமதிச் சீட்டோடு கூடவே ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தையும் தமிழில் அச்சிட்டுத் தருவது அரசாங்கத்தின் கடமையாகிறது. எது சதுர அடி, எந்த வேலை முடிந்தால் எந்தத் தவணை, மாறுதலுக்கு என்ன முறை, யார் கம்பியை எடைபோடுவது என்பவை அதில் இருக்கட்டும். மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்தைப் பிடித்து வைத்து, வீடு ஒப்படைக்கப்பட்ட பின் வரும் முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி பிறந்த பிறகு கொடுக்க வேண்டும் என்ற ஷரத்தும் இருக்கட்டும். இந்த ஒரு ஷரத்தை மட்டும் முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொன்னால், மேற்கொண்டு விசாரணைக்கு அவசியமின்றிச் சிலர் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள்.