பாரமில்லாத ரொட் எல்லாம் நல்ல ரொட் அல்ல



அஸருக்குப் பிறகு வாவிக்கரையிலும் கல்லடிப் பாலத்திலும் தூண்டில் போடும் எமது பிள்ளைகளின் கைகளில் இப்போது புதுப்புது ரொட்டுகள். நல்ல விடயம்தான். போனோடு மூலையில் கிடப்பதை விட இது எவ்வளவோ மேல். ஆனால் "பாரமே இல்லை" என்ற ஒரு வார்த்தைக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருவதைப் பார்க்கும்போது நாம் இதைப் பேசத்தான் வேண்டும்.

எமக்குத் தெரிந்த தம்பி ஒருவர், 5 ஆம் இலக்கம் போட்ட மெல்லிய ரொட் ஒன்றை ஒன்லைனில் எடுத்தார். 100 கிராமும் இல்லை. 20 கிராம் ஈயத்தைக் கட்டி வீசினார், நுனி முறிந்துவிட்டது. வந்திருந்தது ஃப்ளை ரொட். அதில் ஈயம் வீசுவதில்லை. தடித்த நூலின் பாரமே பறந்து போய், இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை இழுத்துச் செல்லும். அந்த 5 என்பது நூலின் இலக்கம். அந்த நூலின் முதல் 30 அடி சுமார் 9 கிராம்தான். வெள்ளைக்காரர் நுவரெலியா ஓடைகளில் விட்ட ட்ரவுட் மீனுக்குத் தோதான சாமான் அது.

ரொட்டில் பிழையில்லை. கேட்காமல் வாங்கியதும் சொல்லாமல் விற்றதும்தான் பிழை.

வாங்குமுன் "எத்தனை கிராம் வீசப் போகிறோம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ரொட்டின் கைபிடிக்கு மேலே எழுதியிருக்கும். 5-20 கிராம் என்றிருந்தால் வாவியில் சின்னக் கொடுவா, பாரைக்குப் போதும். கடற்கரையில் 80 கிராம் ஈயத்துக்கு ஆகாது.

ரீலைப் பூட்டி, அதற்குச் சற்று முன்னால் ஒரு விரலில் வைத்துப் பாருங்கள். நுனி கீழே விழுந்தால், எவ்வளவு மெல்லிய ரொட்டும் ஒரு மணித்தியாலத்தில் மணிக்கட்டை நோகடிக்கும். சற்றுப் பாரமானாலும் சமநிலையாக நிற்பதே மேல். வளையங்களுக்குள் பஞ்சை விட்டு இழுங்கள். சிக்கினால் வெடிப்பிருக்கிறது, தங்கூசியை அறுத்துவிடும். இரண்டு துண்டும் பொருந்தும் இடம் ஆடக்கூடாது.

புதிதாகப் பழகும் பிள்ளைக்கு ஃபைபர் கிளாஸ் போதும். பாரம் கூடத்தான், ஆனால் கல்லில் பட்டாலும் கார்பன் போல லேசில் முறியாது.

கடைக்காரச் சகோதரர்களே, குறையை மறைத்து விற்பது ஹராம் என்பது நீங்கள் அறியாததல்ல. "இது உங்கள் மீனுக்குச் சரிவராது" என்று சொல்லுங்கள். ஒரு வியாபாரம் போகலாம், பரக்கத் போகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்குக் கீழே ரொட்டை நிமிர்த்திப் பிடிக்க விடாதீர்கள். இடி முழங்கினால் ரொட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மீனை நாளைக்கும் பிடிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.