பிள்ளைகளை அரசு கேட்கவில்லை, நாம் கேட்டோமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

சிறுபான்மை மாணவர்களுக்கான பள்ளிக் கல்வி உதவித்தொகை இனி ஒன்பது, பத்தாம் வகுப்பினருக்கு மட்டுமே என்று 2022 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டமே இலவசக் கல்வி தருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அடுத்த மாதமே, ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையும் நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அத்திட்டத்தில் கிடைத்தது ஆண்டுக்கு 1,000 ரூபாய். அரசின் கணக்கில் அது சிறு தொகை. நோட்டுக்கும் பேருந்துக்கும் அதை நம்பியிருந்த வீட்டில் அது என்னவாக இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவர் அந்தப் பிள்ளைதான். அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்பட வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. 1992இல் இந்தியா அதை ஏற்றது. ஏற்றதோடு சரி.

இதை நாம் கண்டித்தோம். அறிக்கை விட்டோம், மேடை போட்டோம், ஜும்ஆ பயானில் பேசினோம். கண்டித்தது சரியே. ஆனால் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மேடைகளில் உதவித்தொகையை இழந்த எத்தனை மாணவர்களைப் பேச வைத்தோம்? தீர்மானத்தை எழுதியவர்கள் பெரியவர்கள், வாசித்தவர்களும் பெரியவர்கள். நாற்காலி போடவும், தண்ணீர் கொடுக்கவும், செல்பேசியில் படம் பிடிக்கவும் மட்டுமே பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். மாணவிகளுக்கு அந்த இடமும் இல்லை. அரசு செய்ததையே நாம் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறோம்.

"அவர்களுக்குப் பக்குவம் போதாது, உணர்ச்சிவசப்படுவார்கள்" என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் பதில். உஹதுப் போருக்கு முன் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்வதுதான் நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்திருந்த இளைஞர்கள் பலர் வெளியே சென்று எதிர்கொள்ள வேண்டும் என வலியுறுத்தினார்கள். நபியவர்கள் அதை ஏற்றுப் புறப்பட்டார்கள். அந்நாள் எவ்வளவு கடுமையாக முடிந்தது என்பதை அறிவோம். அதன் பிறகு இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், இனி இளைஞர்களைக் கேட்காதீர் என்று சொல்லவில்லை. அவர்களை மன்னிக்கும்படியும், காரியங்களில் தொடர்ந்து ஆலோசனை கலக்கும்படியும் கட்டளையிட்டது. தவறிவிடுவார்களோ என்ற அச்சம், கேட்காமல் இருப்பதற்கு மார்க்கத்தில் காரணமாகாது.

உமர் (ரலி) அவர்கள் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை பத்ரு ஸஹாபாக்களின் சபையில் அமர்த்தினார்கள். இவர் வயதில் நமக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்ற மனக்குறை அன்றும் எழுந்தது. 'அந்நஸ்ர்' அத்தியாயம் பற்றி அவையோரிடம் உமர் (ரலி) கேட்டார்கள். அது நபியவர்களின் மறைவை உணர்த்துகிறது என்று விளக்கியவர் அந்த இளைஞரே.

பெற்றோருக்கு இன்னோர் அச்சமும் உண்டு. பிள்ளை பொதுக்காரியத்தில் பேசினால் படிப்புக் கெடும், வழக்கு என்று வந்தால் வாழ்க்கையே போய்விடும் என்பது அது. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் வீட்டிலும் ஜமாஅத்திலும் பேச இடம் கிடைக்காத பிள்ளையின் கோபம் கைப்பேசித் திரையில்தான் கொட்டப்படும். முறையாகப் பேசும் இடம் கிராம சபை. தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 18 வயது இளைஞர் அங்கே எழுந்து பேசலாம். வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 1989இல். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேரை அங்கு அழைத்துச் சென்றிருக்கிறோம்?

18 வயது நிரம்பாதவர்களுக்கும் வழி உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். கூட்டத்துக்கு முந்தைய இரவு, "நாளை உனக்காக நான் என்ன கேட்கட்டும்?" என்று பிள்ளையிடம் கேட்க எந்த அரசாணையும் தேவையில்லை. மஹல்லாவின் கல்விக் குழுவில் இரண்டு மாணவர்களையும் இரண்டு மாணவிகளையும் அமர்த்த யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவர்கள் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஏற்காவிட்டால், ஏன் என்பதை அவர்களிடமே சொல்ல வேண்டும்.

நாம் கேட்டுப் பழகினால்தான், "ஏன் கேட்கவில்லை?" என்று அரசிடம் கேட்கும் தகுதி நமக்கு வரும். ஆலோசனையைத் தம் பண்பாகக் கொண்ட சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.