பெயர் பெற்ற மரம்

பிரேசில் நாட்டின் கீழைக் கடற்கரையை ஒட்டி எஸ்பிரித்து சாந்து என்னும் மாநிலம் உள்ளது. அட்லாண்டிக் காடு என வழங்கும் பழங்காட்டின் எஞ்சிய பகுதிகளுள் ஒன்று அங்கே உண்டு. அதனுள் ஏனைய மரங்களுக்கு மேலாகத் தலைதூக்கி நிற்கும் பெருமரம் ஒன்று வளர்கின்றது. அதன் உயரம் 40 மீட்டர் வரை செல்லும். எடை 62 டன் அளவினதாகலாம் என மதிப்பிட்டுள்ளனர். இத்துணைப் பெரிய மரம் 2017 ஆம் ஆண்டு வரை தாவர நூலில் பெயரின்றி நின்றது என்றால் நம்புதல் அரிதன்றோ?

அவரை, துவரை, புளி, வாகை ஆகியவை அடங்கிய குடும்பமே இதன் குடும்பமும் ஆகும். பந்தலில் படரும் அவரைக்கொடிக்கும் வானளாவும் இம்மரத்திற்கும் உறவா என ஐயுறுவார்க்குக் காயே சான்று.

இதன் நெருங்கிய உறவினம் அமேசான் காட்டில் உள்ளது. அதனை 1922 ஆம் ஆண்டில் அடோல்போ டூக்கே என்பார் 'தினீசியா எக்செல்சா' எனப் பெயரிட்டு வகுத்தார். ஏறத்தாழ 95 ஆண்டுகள், தினீசியா என்னும் பேரினத்தில் அஃது ஒன்றே உளது எனக் கருதி வந்தனர். பின்னர், காப்புக்காட்டின் உலர்தாவர நிலையத்தைச் சேர்ந்த சிகேராவும், இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தின் லூயிசும் இலை, பூ, காய் ஆகியவற்றை ஒப்புநோக்கினர். கடற்கரைக் காட்டு மரத்தின் காய் பெரியது. கட்டை போல் தடித்தது. ஏறத்தாழ ஒரு முழ நீளம் உடையது. வேற்றுமை பலவாகத் தேறவே, இது வேறோர் இனம் எனத் துணிந்து வெளியிட்டனர்.

அவர்கள் பெயரிட்ட முறை பாராட்டத்தக்கது. காய், பெரிய வெட்டுக்கத்தியின் உறையை ஒத்திருத்தலால் அவ்வூரார் அம்மரத்தை 'ஜுயெய்ரானா-ஃபக்கௌ' என்றே அழைத்து வந்தனர். 'ஃபக்கௌ' என்பது பெருங்கத்தியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். புலவர் இருவரும் தம் பெயரையோ தம் தலைவர் பெயரையோ சூட்டாது, ஊரார் வைத்த பெயரையே சிறப்புப் பெயராக ஏற்றனர். (தமிழில் 'சாரைப்பாம்பு' எனச் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் நிற்கும், தாவர நூலிலோ பொதுப்பெயரே முன் நிற்கும்.)

ஊரார் முன்னரே அறிந்த மரத்தைப் 'புதிதாகக் கண்டோம்' எனல் பொருந்துமோ என்று வினவுவார் உளர். வினா முறையானதே. முதலிற் கண்டவர் ஊராரே. அப்பெருமை அவர்க்கே உரியது. ஆயினும் ஒன்றைக் காண்டல் வேறு, அதன் இனத்தொடு ஒப்பிட்டு வேறுபிரித்து உணர்தல் வேறு. வகுத்து எழுதப்படாத மரம் அரசின் ஏட்டில் ஏறாது. ஏட்டில் ஏறாததற்குக் காவல் கேட்க ஒருவரும் வாரார். காய்ந்த இலையையும் காயையும் தாளில் ஒட்டி வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்தலை வீண்வேலை எனப் பலர் எள்ளுகின்றனர். அவ்வேலையே இம்மரத்திற்கு வழக்காடும் உரிமையைத் தந்தது.

உரிமை கிடைத்தது, காவல் முழுதும் கிடைத்திலது. பெயரிட்ட காலத்தில் கணக்கில் வந்தவை ஏறத்தாழ 25 மரங்களே. அவற்றுள் பாதியளவு காப்புக்காட்டினுள் நின்றன. எஞ்சியவை எல்லைக்கு அப்பால், கோடரிக்கு எட்டும் இடத்தில் நின்றன.