மங்கலான ஜெராக்ஸ்

மரக்காணம் உப்பளத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. வெளியே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். உள்ளே என் டீயில் சர்க்கரையே இல்லை. கேட்டால், "உப்பு வேணா போடறேன் சார்" என்கிறார் மாஸ்டர்.

பேச்சு எக்கியார்குப்பத்துக்குப் போனது. 2023 மே மாதம், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போன மீனவர் குப்பம். "எங்க மச்சான் அதுலதான் போனாரு. விக்கறவனையெல்லாம் குண்டாஸ்ல போடணும். ஒரு வருஷம் வெளியே வர முடியாதில்ல?" என்றார் பெஞ்சில் இருந்த பெரியவர்.

வரலாமே!

குண்டாஸ் என்று நாம் சுருக்கிய 1982-ம் வருஷச் சட்டத்தின் நீளமான பெயரில் முதல் ஆளே கள்ளச் சாராய வியாபாரிதான். குண்டருக்கு இடம் அப்புறம்தான். இது செய்த தப்புக்குத் தண்டனை அல்ல, இனிமேல் செய்வார் என்ற பயத்துக்குக் காவல். கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் 12 மாதம் வரை உள்ளே. மூன்று வாரத்துக்குள் ஃபைல் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது.

அதனால் மனைவியோ அம்மாவோ ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடுவார்கள். கொடுத்த நகல் மங்கல், தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, கைதியின் முறையீட்டை அரசு கிடப்பில் போட்டது... உத்தரவு ரத்து!

நான் பி.காம். ஆடிட்டர் ஒருவரிடம் எடுபிடியாக இருந்தவன். படிக்க முடியாத வவுச்சரை அவர் தொடவே மாட்டார். கோர்ட் செய்வதும் நியாயம்தான். குற்றச்சாட்டையே படிக்க முடியாதவன் எப்படிப் பதில் எழுதுவான்? காலாவதி மருந்து விற்றதாக ஒருவரை உள்ளே வைத்த தமிழக வழக்கில், சாதாரணச் சட்டமே போதும் என்றால் தடுப்புக் காவல் கூடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2003-ல் ஒரு சட்டம் வந்தது. கொடிய பாலியல் குற்றவாளியைத் தண்டனை முடிந்த பிறகும் உள்ளே வைக்கலாம். ஆனால், வைப்பது கோர்ட். மனநல டாக்டர்களின் அறிக்கையைப் பார்த்து, 'இந்த ஆள் இன்னும் ஆபத்தா?' என்று குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்பதும் கோர்ட்தான்.

நம்மிடம் பெரும்பாலும் விசாரணை ஜெராக்ஸுக்குத்தான். அது பளிச்சென்று இருந்தால் அப்பாவிக்கும் ஆபத்து. மங்கினால், விஷம் விற்றவனுக்கும் விடுதலை.

இதையெல்லாம் பெரியவரிடம் விலாவாரியாகச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப ஆபீஸுக்கு நல்ல மிஷினா ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுங்க சார்."

சிரிக்கலாமா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.