முப்பது நாள் நோட்டீஸ்

காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் போன வாரம் பொரிந்து தள்ளிவிட்டார். "கல்யாணத்துக்காக மதம் மாறுகிறார்கள் சார். இதைத் தடுக்கக் கடுமையாக ஒரு சட்டம் வேண்டும்" என்றார். "மதம் மாறாமலே கல்யாணம் செய்துகொள்ள 1954லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த வழியில் முள்ளை வெட்டிப் போட்டு வைத்திருப்பதுதான் கோளாறு" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு மட்டுமே. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967ல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தமும் அப்படித்தான். நிக்காஹ் என்றால் பெரும்பாலும் கலிமா சொல்லச் சொல்வார்கள். கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். ஆனாலும் "ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் நல்லது" என்ற பேச்சு வராமல் இருப்பதில்லை. ஆக, ஆளுக்கொரு மதமாக இருந்துகொண்டே சட்டப்படி புருஷன் பெண்டாட்டி ஆவதற்கென்றே நாடு போட்ட பாதை 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் ஒன்றுதான். அதற்கு முன்னால் இருந்த 1872ஆம் வருடத்துச் சட்டம், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் என்று எந்த மதத்தையும் பின்பற்றவில்லை என்று மணமக்களிடம் எழுதி வாங்கியது. 1954 சட்டம் மதத்தைப் பற்றி அப்படி எதையும் எழுதி வாங்குவதில்லை. நல்ல சட்டம்.

ஆனால் அதில் ஒரு நோட்டீஸ் இருக்கிறது. மணமக்கள் பெயர், வயது, தொழில், விலாசம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸை அலுவலகத்தில் நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி, முப்பது நாள் காத்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து ஆட்சேபணை சொல்லலாம். சென்னைக்கு ஓடிப்போய் மனு கொடுத்தால் தப்பலாமா? முடியாது. நிரந்தர விலாசம் நம் ஊர் என்றால் நோட்டீஸின் நகல் ஒன்று நம் ஊர் அலுவலகத்துக்கே வந்து ஒட்டப்படும்.

சென்னையில் அந்தப் பலகையை யாரும் படிப்பதில்லை. நம் பக்கத்தில் அப்படியா? பத்திர எழுத்தர், பியூன், வில்லங்கம் பார்க்க வந்தவர், எதிரே டீக்கடைக்காரர் என்று அத்தனை பேருக்கும் அப்பன் பெயரைப் பார்த்தாலே ஊர், தெரு, சாதி, நிலம் எவ்வளவு என்பது வரை தெரிந்துவிடும்.

இதைக் காதால் கேட்டுச் சொல்லவில்லை. 1980களின் நடுவில், அலுவலகத்தின் பெயர் வேண்டாம், அப்படி ஒரு பலகையில் நானே ஒரு நோட்டீஸைப் படித்தேன். பையன் கிறிஸ்தவன், பெண் இந்து. பெண்ணின் தகப்பனார் பெயர் எனக்குப் பழக்கமான பெயர். மத்தியானம் டீக்கடையில் அவர்கள் உறவுக்காரர் ஒருவரைப் பார்த்ததும், "உங்க வீட்டுப் பொண்ணு விஷயம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பெண் குழந்தையாயிற்றே, வீட்டுக்குத் தெரியாமல் போகலாமா என்று ஒரு நினைப்பு. அன்று இரவே அந்தப் பெண்ணை உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து அவள் எப்படியோ வெளியே வந்தாள். மறுபடி நோட்டீஸ் கொடுக்க இருவருக்கும் தைரியம் இல்லை. பையன் இந்துவாக மாறினான். ஒரே நாளில் காரியம் முடிந்தது. மறுநாள் கோயிலில் தாலி. யாரும் எந்தப் பலகையிலும் எதையும் ஒட்டவில்லை, முப்பது நாள் காத்திருக்கச் சொல்லவில்லை. பின்னாளில் அவன் தாயார் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் அவன் தூரமாக ஒதுங்கி நின்றான் என்று கேள்விப்பட்டேன். அவனை மதம் மாற வைத்தது எந்தச் சாமியாரும் இல்லை. அந்த நோட்டீஸும் என் வாயும்தான்.

மதமாற்றத்தை எதிர்ப்பவர்களைத்தான் கேட்கிறேன். மாறாமல் கட்டிக்கொள்ள முப்பது நாள், மாறிக் கட்டிக்கொள்ள ஒரே நாள் என்று வைத்தால், உயிருக்குப் பயந்த பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

"ஏற்கெனவே பெண்டாட்டி உள்ளவன் ஏமாற்றினால்?" என்றார் நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் ஏமாற்றுபவன் கோயிலில் தாலி கட்டியும் ஏமாற்றுகிறான், அங்கே நோட்டீஸ் இல்லை. பொய் சொல்லி இரண்டாம் தாரம் கட்டினால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. ஆட்சேபணை சொல்ல சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்களே மிகச் சில: உயிரோடு இன்னொரு துணை, வயதுக் குறைவு, மனநிலை, விலக்கப்பட்ட உறவு. வேறு மதம், வேறு சாதி, அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் காரணமே அல்ல. ஆனால் பலகை பார்த்து ஓடி வருகிறவர்கள் இந்தக் காரணங்களோடா வருகிறார்கள்? மனுவோடுகூட வருவதில்லை, ஆளோடு வருகிறார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். முதலில் மேரி, பிறகுதான் மாதா கோயில் என்பது பிரெஞ்சுச் சட்டம். அங்கும் மேரி வாசலில் பத்து நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆனால் அது எல்லா ஜோடிக்கும் உண்டு. எல்லோருக்கும் ஒட்டினால் யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். இங்கே எல்லோருக்கும் ஒட்டுவதில்லை, இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு ஒட்டுகிறோம். அதற்குப் பெயர் அறிவிப்பு இல்லை, காட்டிக்கொடுப்பது.

இதைப் புரிந்துகொண்ட நீதிபதிகள் உண்டு. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர்நீதிமன்றம், நோட்டீஸை ஒட்டுவது மணமக்கள் விரும்பினால் மட்டுமே என்றது. 2023ல் உச்சநீதிமன்றம், நம் சுயமரியாதைத் திருமணங்களை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. எதிர்ப்பு இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஊரைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் அது கணக்கில் எடுத்தது. இரண்டு இந்துக்களுக்குப் பொருந்தும் இந்த நியாயம், ஒருவர் வேறு மதம் என்றால் மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

பார்லிமெண்ட் அந்தப் பிரிவை எடுக்க வேண்டும். வயதுச் சான்றிதழைப் பார், முன் திருமணம் இல்லை என்று எழுதி வாங்கு, மூன்று சாட்சிகளோடு கல்யாணத்தை முடித்து வை. அது போதும்.

அதுவரை, நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்காவது அலுவலகச் சுவரில் இரண்டு பெயர்களைப் பார்த்தால், அது யார் வீட்டுப் பிள்ளை என்று யோசிக்காதீர்கள். எதிரே டீயைக் குடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போங்கள். நான் அன்று செய்யாதது அதுதான்.