ஒளிந்திருந்தது யார்?

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



ஒருவர் தன் சொந்தப் பெயரிலேயே ஒரே ஊரில் பல வருஷம் குடியிருக்கிறார். காலையில் வேலைக்குப் போகிறார், சாயங்காலம் வீடு திரும்புகிறார். மூன்று பெண் பிள்ளைகளை வளர்க்கிறார். ஊரில் நடக்கும் தேர்தலில் வேட்பாளராகக்கூட நிற்கிறார். இப்படிப்பட்டவரை "தலைமறைவாக வாழ்ந்தவர்" என்று சொல்லலாமா?

உலகம் சொல்லியிருக்கிறது. அது மட்டுமா, "செத்துப்போனவர்" என்றே முடிவு கட்டியிருக்கிறது! அவர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ராக் பாடகர். அவர் கதையைப் பற்றி எல்லோரும் சொல்வதற்கு மாறாக எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் ஊர். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் 1942-ல் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தவர் ரோட்ரிகஸ். ஆறாவது என்பதால்தான் சிக்ஸ்டோ என்று பெயர். ராக் என்றவுடன் தலையை ஆட்டிக்கொண்டு கத்துவது என்று நினைத்துவிடாதீர்கள். இவர் ஒரு கிதாரை வைத்துக்கொண்டு, தெருவில் கண்ட வறுமையையும் அநியாயத்தையும் அமைதியான குரலில் பாடியவர். 1970-ல் "கோல்ட் ஃபேக்ட்", 1971-ல் "கமிங் ஃப்ரம் ரியாலிட்டி" என்று இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. அமெரிக்காவில் இரண்டும் விற்கவில்லை. கம்பெனி அவரைக் கைவிட்டது. 1975-ல் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது.

ரோட்ரிகஸ் கட்டட வேலைக்குப் போனார். பழைய வீடுகளை இடிப்பது, பழுது பார்ப்பது, குப்பை அள்ளுவது என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். வேலை செய்துகொண்டே 1981-ல் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் வாங்கினார். 1989-ல் டெட்ராய்ட் நகர மன்றத் தேர்தலில் நின்று தோற்றார்.

இதே காலத்தில், கடல் தாண்டி தென்னாப்பிரிக்காவில் அவருடைய இசைத்தட்டு சக்கைப் போடு போட்டுக்கொண்டிருந்தது. அப்போது அங்கே நிறவெறி ஆட்சி. அந்த ஆட்சி பிடிக்காத வெள்ளை இளைஞர்கள் பலருக்கு, எதிர்த்துக் கேள்வி கேட்கலாம் என்ற தைரியத்தை இவர் பாட்டுகள் கொடுத்தன. அரசு வானொலி சில பாட்டுகளை ஒலிபரப்பாமல் தடுத்தது. காப்பகத்தில் இருந்த இசைத்தட்டில் அந்தப் பாட்டின் மேல் கூரான எதையோ வைத்துக் கீறியே வைத்திருந்தார்கள்! உலக நாடுகள் தென்னாப்பிரிக்காவை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அதனால் அங்கே நடப்பது டெட்ராய்ட்டுக்குத் தெரியவில்லை, டெட்ராய்ட்டில் நடப்பது அங்கே தெரியவில்லை. பாடியவர் யார், எந்த ஊர் என்று தெரியாததால் ரசிகர்கள் கதை கட்டினார்கள். மேடையிலேயே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார் என்றார்கள் சிலர். தீ வைத்துக்கொண்டார் என்றார்கள் வேறு சிலர்.

1990-களில் அங்கே இருந்த ரசிகர் ஒருவரும் பத்திரிகையாளர் ஒருவரும் தேட ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டில் வந்த "டியர்பார்ன்" என்ற ஊர்ப் பெயர்தான் துப்பு. நாம் சர்வே போகும்போது ஒரு பெஞ்ச் மார்க் கிடைத்துவிட்டால் மற்ற லெவல் எல்லாம் வந்துவிடும் இல்லையா, அதுபோல! டியர்பார்ன் டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். அந்த வழியில் போய் 1997-ல் பழைய இசைத்தட்டுத் தயாரிப்பாளரைப் பிடித்தார்கள். "ரோட்ரிகஸ் எப்படிச் செத்தார்?" என்று கேட்டார்கள். "யார் சொன்னது? உயிரோடுதான் இருக்கிறார்" என்பதுதான் அவருடைய பதிலின் சாரம். 1998 மார்ச்சில் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்கா போய் ஆறு கச்சேரிகள் செய்தார். ஆயிரக்கணக்கானோர் கூடி, அவரை வாய் திறக்கவே விடாமல் ஆரவாரம் செய்தார்கள். 2012-ல் வந்த "சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்" என்ற ஆவணப்படம் இந்தக் கதையை உலகத்துக்கே சொன்னது. 2013-ல் அந்தப் படத்துக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. 2023 ஆகஸ்டில், 81-வது வயதில் ரோட்ரிகஸ் காலமானார்.

கேட்கவே சினிமா மாதிரி இருக்கிறதா? எங்கள் விடுதி அறையில் இந்தப் படத்தை லேப்டாப்பில் பார்த்தபோது எல்லோருக்கும் கண் கலங்கியது. படம் முடிந்ததும் ஒரு நண்பன் சொன்னான், "ஐயோ பாவம்டா... எவ்வளவு பெரிய ஆளு! கடைசியில போயி கட்டட வேலை செஞ்சிருக்காரே!"

எனக்கு எங்கோ சுருக்கென்றது. எங்கப்பா கொத்தனார். முப்பது வருஷமாகக் கரணை பிடிக்கிறார். எங்கம்மா சித்தாள். கலவைச் சட்டி சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடியே இல்லை. அவர்களைப் பார்த்து இதுவரை யாரும் "ஐயோ பாவம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாடத் தெரிந்தவர் செங்கல் தூக்கினால் சோகக்கதை. பாடத் தெரியாதவர் தூக்கினால் அது வெறும் செவ்வாய்க்கிழமை! இது என்ன நியாயம்?

உடனே, "உழைப்பே தெய்வம், உடல் உழைப்பே பெருமை" என்று மேடையில் முழங்குவானோ என்று பயப்படாதீர்கள். அப்படிப் பேசுகிற பலரும் ஒரு நாள்கூட சாரத்தின் மேல் நின்றிருக்க மாட்டார்கள். கட்டட வேலை கஷ்டம்தான். முட்டி தேயும், இடுப்பு போகும். எங்கப்பாவின் விரலையெல்லாம் சிமெண்ட் தின்றுவிட்டது. ரேஷன் கடையில் அந்த மெஷினில் விரலை வைத்தால் ரேகை விழுவதில்லை. துடைத்துவிட்டு வைக்கிறார், எச்சில் தொட்டு வைக்கிறார், அப்போதும் விழுவதில்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த கை, "இவர் யார் என்று தெரியவில்லை" என்று மெஷின் சொல்கிறது!

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ரோட்ரிகஸ் ஒளியவில்லை. டெட்ராய்ட்டில் எத்தனை பேர் வீட்டுக்குள் போய் அவர் சுவரைச் சரி செய்திருப்பார்! எத்தனை பேர் அவருக்குக் கதவைத் திறந்து விட்டிருப்பார்கள்! வேலைக்கு வருகிற ஆளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? சுவர் நேராக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். அவரை மறைத்தது அவருடைய அடக்கம் மட்டுமல்ல, நம்முடைய பார்வையும்தான்.

இன்னொன்றும் மறைந்து கிடந்தது. அது கணக்கு! தென்னாப்பிரிக்காவில் இசைத்தட்டு வருஷக்கணக்கில் விற்றது. விற்ற பணத்தில் பாடியவரின் பங்கு எங்கே? அங்கே விற்ற கம்பெனிக்காரர், "அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டோம்" என்கிறார். அமெரிக்காவில் கம்பெனி நடத்தியவரிடம் படத்தின் இயக்குநர் கேட்கிறார். நேரான பதில் வரவில்லை, கோபம்தான் வருகிறது. ரோட்ரிகஸ் கைக்கு அந்தப் பணம் வரவில்லை. அதுமட்டுமல்ல, முதல் இசைத்தட்டில் பாட்டு எழுதியவர் பெயர்கூட ஒரே மாதிரி இல்லை. ஒரு பாட்டுக்கு ஒரு பெயர், இன்னொரு பாட்டுக்கு வேறு பெயர். பெயரே ஒழுங்காக இல்லாத இடத்தில் கணக்கு எப்படி ஒழுங்காக வரும்?

கதை சொல்கிறவர்களுக்கும் "காணாமல் போனவர்" என்றால் ஒரு தனி ருசி இருக்கிறது. ரோட்ரிகஸ் 1979-லும் 1981-லும் ஆஸ்திரேலியா போய் மேடை ஏறிப் பாடியிருக்கிறார். அங்கேயும் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். அந்த நல்ல படம்கூட இதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. சொன்னால் ஆச்சரியம் குறைந்துவிடுமே!

கடந்த காலம் வந்து கதவைத் தட்டியபோது அந்த மனிதர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 1998-ல் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன் பாடிவிட்டு, டெட்ராய்ட்டில் அதே வீட்டுக்குத்தான் திரும்பினார். பழைய வேலைக்கும் போனார். வந்த பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டதாகப் படத்தில் சொல்கிறார்கள். ஆஸ்கார் விழாவுக்குக்கூட அவர் போகவில்லை. கட்டட வேலையை அவர் ஒரு தண்டனையாக நினைத்திருந்தால், புகழ் வந்த அன்றே கையை உதறிவிட்டு ஓடியிருக்க மாட்டாரா?

அதற்காக அவருக்கு நஷ்டமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாட வேண்டிய வயதில் அவருக்கு மேடை கிடைக்கவில்லை. அது பெரிய நஷ்டம். ஆனால் அந்த நஷ்டத்துக்குப் பெயர் "கட்டட வேலை" அல்ல. உழைப்புக்கு உரியது உரியவரிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான். அது பாட்டானாலும் ஒன்றுதான், செங்கலானாலும் ஒன்றுதான்.

இதை ஏன் நம் மலரில் எழுதுகிறேன்? சிவில் படிப்பவர்கள் இன்னும் சில மாதத்தில் சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களும் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ நாலு பேரை வேலை வாங்கப் போகிறீர்கள். இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் ஒரு நோட்டைப் பார்த்தேன். தேதிக்கு நேரே "கொத்தனார் 3, சித்தாள் 5" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. அந்த மூன்றில் ஒருவர்தானே எங்கப்பா? கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. அதற்கு, வேலை செய்தார் என்று சான்று வேண்டும். முப்பது வருஷம் வேலை செய்தவரிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கடைசியில் அலைந்து திரிந்துதான் வாங்கினோம்.

எம்-புக் எழுதும்போது அளவை அன்றன்றைக்கே எழுத வேண்டும், அழித்து எழுதக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சுவரின் நீளம், அகலம், உயரத்துக்கு இவ்வளவு மரியாதை! அந்தச் சுவரைக் கட்டியவரின் பெயருக்கும் அதே மரியாதையைக் கொடுத்தால் என்ன? நோட்டில் எண்ணுக்குப் பதில் பெயரை எழுதுவோம். கூலியை அன்றைக்கே பெயருக்கு நேரே எழுதிக் கையெழுத்து வாங்குவோம். நம் வயதைப் போல் இரண்டு மடங்கு வயதுள்ளவரை "ஏய், இங்க வா" என்று கூப்பிடாமல், "அண்ணே", "அக்கா" என்று கூப்பிடுவோம். இதற்கு எந்த எஸ்டிமேட்டிலும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

நம் சைட்டில் கலவை போடுகிறவர்களில் பாட்டுக்காரர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால்தான் மதிப்போம் என்றால் அது மதிப்பே அல்ல. நண்பர்களே, யாரும் காணாமல் போவதில்லை. நாம்தான் பெயரை எழுதாமல் விடுகிறோம். இனி எழுதுவோம்!