வெற்றுத் திரை சொல்லும் பொய்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் ராகலைத் தோட்டங்களில் ஒரே பரபரப்பு. லயத்து வாசலில் ஒரு கைத்தொலைபேசி. அதைச் சூழ்ந்து நாலைந்து பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சுட்டெண்ணை இட்டுவிட்டு மூச்சையடக்கி நிற்கின்றனர். இத்தகைய பக்கங்களைத் தாமே ஆக்கிப் பழகும் மாணாக்கருக்கு அவ்விநாடிகளைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

முன்னாளில் சிறு விவரம் வேண்டினும் பக்கம் முழுவதும் மறுபடி வரவேண்டும். 1995இல் பிரண்டன் ஐக் என்பார் நெட்ஸ்கேப் உலாவிக்கென ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஆக்கினார். பக்கம் அப்படியே இருக்க, சேவையகத்திடம் விவரத்தை மட்டும் கேட்டுப் பெறும் வழி பின்னர் பிறந்தது. 2015 முதல் உலாவிகளில் இடம்பெற்ற 'ஃபெட்ச்' அதனை எளிதாக்கிற்று.

ஃபெட்ச் உடனே விடை தருவதில்லை. 'பிராமிஸ்' என்ற ஒன்றைத்தான் கையில் தருகிறது. அது அடகுக்கடைச் சீட்டைப் போன்றது. சீட்டையே நகையென்று கழுத்தில் அணிய முடியுமா? புதிதாய் எழுதுவோர் அச்சீட்டையே திரையில் காட்டிவிட்டு விழிப்பதுண்டு!

விடை வந்த பின்னும் கவனம் வேண்டும். 404 என்றால் 'கேட்டது இங்கில்லை'; 500 என்றால் 'என்னிடமே கோளாறு'. இவற்றை ஃபெட்ச் தோல்வியாகக் கொள்வதில்லை. தபாற்காரர் உறையைச் சேர்த்துவிட்டார். உள்ளே இருப்பதற்கு அவர் பொறுப்பல்லர். 'ஓகே' என்னும் குறியைப் பார்த்த பின்னரே ஜேசன் வடிவிலுள்ள விவரத்தைப் பிரிக்க வேண்டும்.

இங்கே பலர் காட்டும் அவசரம் நமக்குப் பொறுக்கவில்லை. விவரம் கையில் இல்லாதபோதெல்லாம் 'பெறுபேறு இல்லை' என்று எழுதிவிடுகின்றனர். மழையிலும் மூடுபனியிலும் அலைத்தொடர்பு நலிந்து, விடை வழியிலேயே இருக்கையில் அவ்வாசகம் தோன்றினால், பதினொரு ஆண்டு படித்த பிள்ளை என்ன நினைக்கும்? காத்திருத்தல், தொடர்பின்மை, சேவையகக் கோளாறு, அச்சுட்டெண்ணுக்குப் பதிவின்மை ஆகிய நான்கிற்கும் நான்கு வாசகங்கள் வேண்டும். அவை தமிழில் இருத்தல் வேண்டும். தொடர்பற்ற வேளையில் 'மீண்டும் முயல்க' என்றொரு பொத்தானும் வேண்டும்.

ஒரே தொலைபேசியைப் பலர் பகிரும் ஊரில் இன்னோர் அபாயமும் உண்டு. அக்காளின் விடை வருமுன் பொறுமையிழந்து அடுத்த வீட்டுப் பெண்ணின் எண்ணை இடுகிறார்கள். அவள் விடை முந்தி வந்துவிடுகிறது. பிந்தி வந்த அக்காளின் பெறுபேறு அதன்மேல் ஏறி நிற்கிறது. புதிய வினா புறப்படும்போதே பழையதை 'அபோர்ட் கொன்ட்ரோலர்' கொண்டு நிறுத்திவிடலாம். அன்றேல், வந்த விடையிலுள்ள சுட்டெண்ணும் திரையில் இட்ட எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பின்னரே காட்டவேண்டும்.